முழங்கை போன பாதை

சோறு எடுக்கிற கை இலையிலிருந்து வாய்க்கு எந்த வழியாகப் போகிறது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஐம்பத்தாறு வயதுவரை நானும் யோசித்ததில்லை. இத்தனைக்கும் ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எந்த வளைவில் போக வேண்டும் என்று வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

ஒரு மாலை அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலம் இறங்குகிற இடத்தில் லாரியிலிருந்து சிந்திய மணல் கிடந்தது. வண்டி ஒரு பக்கம் போக நான் ஒரு பக்கம் போனேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, கழுத்திலிருந்து வலது தோளுக்கு இறங்கும் நரம்பு இழுபட்டு அறுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். விரல்கள் வேலை செய்யும். கையை மேசைமேல் தூக்கி வைத்துவிட்டால் பேனா பிடிக்கும், சட்டைப் பொத்தானைக்கூடப் பொறுக்கி எடுக்கும். ஆனால் தோள் உயராது, முழங்கை மடங்காது. அதாவது சோற்றைப் பிசையலாம், உருட்டலாம், உருட்டியதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாய்க்குக் கொண்டுபோக முடியாது.

வீட்டில் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். அது வீட்டோடு சரி. அடுத்தவர் முன்னால் இடது கையால் சாப்பிடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே "இப்பதான் சாப்பிட்டு வந்தேன்" என்று சொல்லிவிடுவேன். காலை பதினொரு மணிக்கும் சொல்வேன், மாலை நாலு மணிக்கும் சொல்வேன். கல்யாணங்களுக்குப் போய் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுப் பந்தி ஆரம்பிக்கும் முன் கிளம்பிவிடுவேன். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. அந்த இரண்டு வருடத்தில் நான் சாப்பிட்டு ஒரு மனிதர் பார்த்ததில்லை.

இதில் வீம்பு இருக்கிறது என்பது எனக்கே தெரியும். யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்திருப்பார்கள், அல்லது யாராவது ஒரு அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஊட்டிவிடக் கிளம்பியிருப்பாள். இரண்டில் எதைத் தாங்குவது கஷ்டம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முப்பது வருடம் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் மிஷின் வரைபவனாக இருந்தேன். சோப்பைப் பெட்டிக்குள் தள்ளுகிற மிஷின், பிஸ்கட்டை வரிசையாக அடுக்குகிற மிஷின், இப்படி. அங்கே நான் செய்ததைச் சொல்லிவிட்டால் மற்றது புரிந்துவிடும். நான்கு சட்டங்களை முனைக்கு முனை பின் அடித்து ஒரு நாற்கரம் செய்துகொள்ளுங்கள். ஒரு சட்டத்தை அசையாமல் மேசையில் அறைந்துவிடுங்கள். அதன் இரு முனைகளிலும் மாட்டிய இரண்டு சட்டங்கள் கடிகார முள் போலத் திரும்பும். அவை இரண்டையும் சேர்க்கிற நான்காவது சட்டம் மட்டும் எந்த நடுவையும் சுற்றாமல், சாய்ந்தும் நிமிர்ந்தும், தன் போக்கில் போய் வரும். அந்தச் சட்டத்தின்மேல் ஒரு தகட்டை ஒட்டி, அதில் நூறு துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு பென்சிலைச் செருகிப் பாருங்கள். ஒரே தகடு, ஒரே அசைவு. ஆனால் ஒரு பென்சில் முட்டை வரையும், பக்கத்துப் பென்சில் அவரை விதை வரையும், இன்னொன்று எட்டு போடும், ஒன்று கீழே நேர்கோடும் மேலே கூனுமாக ஒன்றை இழுக்கும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

சோப்பைத் தள்ளுவதற்கு அந்தக் கூன் போட்ட வளைவுதான் வேண்டும். நேர்கோட்டில் சோப்பைத் தள்ளி, கூனில் ஏறித் தாண்டி, அடுத்த சோப்புக்குப் பின்னால் வந்து இறங்கும். நூறு துளைகளில் அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கண்டுபிடித்த நாளில் எனக்குப் பசிக்காது. மற்ற தொண்ணூற்றொன்பது துளைகளும் என்ன வரைகின்றன என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கேட்ட ஒரே ஆள் எங்கள் ஃபிட்டர். சேதராப்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர், காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஷிப்டுக்கு வருவார். நான் வரைந்ததை இரும்பில் செய்வது அவர். தகட்டின் வேலை செய்கிற முனையை வாய் என்பார், எதிர் முனையை வால் என்பார். மிஷினை முதல்முறை ஓட்டும்போது வாய் ஒழுங்காக சோப்பைத் தள்ளும், வால் போய்ப் பின்பக்க மூடியில் டொக் டொக் என்று இடிக்கும். "சார், நீங்க வாய மட்டும்தான் பாக்குறீங்க. வாலு எங்க போவுதுன்னு பாக்கறதேயில்ல" என்பார். நான் எரிந்து விழுவேன். பிறகு மூடியில் ஒரு ஓட்டை வெட்டச் சொல்வேன். நான் வரைந்த மிஷின்களில் பாதிக்குமேல் பின்னால் இப்படி ஒரு ஓட்டை இருக்கும்.

வீட்டிலும் நான் அப்படித்தான் இருந்தேன் போலிருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டின்போதும் மனசுக்குள் துளை போட்டுக்கொண்டிருப்பேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் வள்ளென்று விழுவேன். மகளுக்கு ஒன்பது வயதாகும்போது என் மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு லாஸ்பேட்டையில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் தேடிக்கொண்டாள். சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்கும் ஆள் எதிரில் இருக்க வேண்டுமே.

மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்ப்பேன். நேரு வீதியில் ஒரு ஓட்டலில் இரண்டு பேரும் மதியச் சாப்பாடு சாப்பிடுவோம். அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோதும், காலேஜ் போனபோதும், வேலைக்குப் போன பிறகு ஊருக்கு வரும்போதும் அது தொடர்ந்தது. எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே பழக்கம் அது. விபத்துக்குப் பிறகு அதையும் காபியாக மாற்றிவிட்டேன். காபி டம்ளரை இடது கையில் பிடித்தால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. அவள் டிபன் சாப்பிட, நான் எதிரில் உட்கார்ந்து இப்பதான் சாப்பிட்டேன் என்று சொல்லிக் காபி குடிப்பேன். ஒருநாளும் அவள் ஏன் என்று கேட்டதில்லை. அந்த விஷயத்தில் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

போன வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாற்பது நாள் இருக்கும்போது பத்திரிகையை நீட்டினாள். மணமேடைக்கு நீங்கள் வருவீர்கள் என்று தெரியும், அதைப் பற்றிக் கவலை இல்லை என்றாள். பிறகு டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, முன்பே தயார் செய்துகொண்டு வந்தது போல ஒரே மூச்சில் சொன்னாள்.

"முகூர்த்தம் முடிஞ்சதும் மொதப் பந்தியில எங்ககூட உக்காந்து சாப்பிடணும்ப்பா. அன்னைக்கும் இப்பதான் சாப்பிட்டேன்னு சொன்னீங்கன்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் எதுக்கும் கூப்பிட மாட்டேன்."

சரி என்றேன். அவள் ஆட்டோவில் ஏறிப் போன பிறகும் கடற்கரைச் சாலையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆள் அவள். பயமாக இருந்தது.

மறுநாள் ஷூ அட்டைப்பெட்டியை வெட்டி வேலையைத் தொடங்கினேன். சாப்பாட்டு மேசையில் பொருத்துகிற ஒரு சட்டக்கூடு, அதில் என் முன்கையைக் கிடத்த ஒரு தொட்டில், காலால் மிதித்தால் கை தானாக இலையிலிருந்து எழுந்து வாய்க்கு வர வேண்டும், காலை எடுத்தால் போன வழியே திரும்பி இறங்க வேண்டும். முன்கைதான் என் தகடு. விரல் நுனிதான் வேலை செய்கிற துளை.

விரல் போக வேண்டிய வளைவு எனக்குத் தெரியவில்லை. என் கை ஐம்பத்தாறு வருடம் போன பாதைதான், ஆனால் நினைவில் இல்லை. அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸுக்குப் போய், பார்சல் சொல்லிவிட்டு, அது வருகிறவரை மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாரம் போனேன். நெருக்கியடித்து உட்கார்ந்து முப்பது பேர் சாப்பிடுவார்கள். இலைமேல் விரல்கள் ஒரு சாண் தூரத்துக்குப் படுத்தவாக்கில் வழித்துக்கொண்டு போகின்றன, பிறகு சட்டென்று எழும்புகின்றன, வாயருகே உள்ளங்கை முகத்தைப் பார்த்துத் திரும்புகிறது, கட்டைவிரல் கடைசியில் ஒரு தள்ளு தள்ளுகிறது. சாம்பாருக்கு ஒரு வேகம், ரசத்துக்கு ஒரு வேகம். ஒருவர் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே "இன்னா சார் வேணும் உங்களுக்கு" என்று கேட்டுவிட்டார். பார்சல் என்று சொல்லி மெனு பலகையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அவருடைய விரல்களைப் பார்த்தேன்.

பிறகு வரைவது சுலபம். கை இலையில் இருக்கும் நிலை, பாதி வழியில் இருக்கும் நிலை, வாயருகே இருக்கும் நிலை, மூன்றையும் பெரிய தாளில் வரைந்துகொள்ள வேண்டும். தகட்டில் ஏதாவது ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டால் அது மூன்று நிலைகளில் மூன்று இடங்களில் இருக்கும். மூன்று இடங்களையும் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம் போகும். அந்த வட்டத்தின் நடுவில் குண்டூசி குத்தினால் ஒரு சட்டம் கிடைத்துவிட்டது. இதேபோல இன்னொரு புள்ளி, இன்னொரு குண்டூசி. பள்ளிக்கூடக் காம்பஸ் போதும். புள்ளியை மாற்றி மாற்றி, அட்டையை வெட்டி வெட்டி, பதினேழாவது அட்டையில் விரல் நுனி போன வழி மெஸ்ஸில் நான் பார்த்த வழியாகவே இருந்தது. சட்டக்கூட்டை வயிற்றுக்கு நேராக நிறுத்தாமல், கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து வைத்ததில் அது அமைந்தது. சட்டையெல்லாம் அட்டைத் தூளோடு எழுந்து நின்று யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் இருப்பது மாடி வீடு. கீழ் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. குடும்பத்தோடு பாரிஸ் பக்கம் போய்விட்டார், வருடத்துக்கு ஒரு மாதம் வந்து பூட்டைத் திறப்பார். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

ஃபிட்டருக்குப் போன் செய்தேன். நான்கே நாளில் அலுமினியப் பட்டைகளில் அத்தனையும் செய்துகொண்டு வந்துவிட்டார். மிதிக்கு ஒரு பழைய தையல் மிஷின் பெடல், இழுக்க சைக்கிள் பிரேக் கம்பி, கையின் பாரம் தெரியாமலிருக்க இரண்டு ஸ்பிரிங். மேசையில் கிளாம்ப் போட்டு முறுக்கி, எண்ணெய் விட்டு, தொட்டிலில் வெறும் தேங்காய்நார்ப் பொட்டலத்தைக் கட்டி மிதித்துக் காட்டினார். பொட்டலம் அழகாக எழுந்து வந்தது.

"ஒரு வாய் சோறு போட்டுச் சாப்பிட்டுக் காட்டுங்க சார். நானும் பக்கத்துல உக்காந்து பாத்தாத்தான் சரியா தப்பான்னு தெரியும்" என்றார்.

இப்பதான் சாப்பிட்டேன் என்றேன். பதினெட்டு வருடம் ஒரே கேண்டீனில் என்னோடு சாப்பிட்டவர் அவர். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். வற்புறுத்தவில்லை. வால் எங்கேயாவது இடிக்கிறதா என்று மட்டும் கேட்டார். வலது பக்கத்தைக் காட்டினேன். ஜன்னல் கம்பி மூன்றடி தள்ளி இருந்தது, நடுவில் வெறும் தரை. இங்கே இடிப்பதற்கு என்ன இருக்கிறது என்றேன். அவரும் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்லதான் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பிய பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தயிர்சாதம் பிசைந்தேன். மிதித்தேன். விரல்கள் எழுந்து, திரும்பி, உதட்டில் வந்து தொட்டன. இரண்டு வருடமாக ஸ்பூனின் இரும்பு வாடையோடு சாப்பிட்டவனுக்கு முதல் வாயில் தெரிந்தது சோறு இல்லை, என் விரல்தான். உப்பும் எண்ணெயும் கலந்த அந்த ருசியை நான் மறந்தே போயிருந்தேன். அழுதேன். அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு இருபது நாள், மூன்று வேளையும் பழகினேன். சாம்பார் சிந்தாமல், ரசம் வழியாமல், அப்பளத்தை நொறுக்கி வைத்து, பாயசத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து, வாழையிலை வாங்கிப் போட்டுக்கூடப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் முப்பத்தேழு வாய் சாப்பிட்டு ஒரு பருக்கை கீழே விழவில்லை. நான் வரைந்த எந்த மிஷினும் இவ்வளவு சுத்தமாக ஓடியதில்லை என்று கர்வமாகவே இருந்தது.

கல்யாணம் வில்லியனூர் சாலையில் ஒரு மண்டபத்தில். ஃபிட்டர் அதிகாலையிலேயே வந்து சாப்பாட்டுக் கூடத்தில் முதல் வரிசை மேசையில், இடது கோடியில், கிளாம்ப்பை மாட்டி அதன்மேல் காகித விரிப்பை இழுத்து விட்டிருந்தார். கோடியில் இருந்தால் பார்க்கிற கண்கள் குறையும் என்று நான்தான் அந்த இடத்தைக் கேட்டிருந்தேன். தாலி கட்டி முடிந்ததும் பந்திக்கு வந்தோம். நான், எனக்கு வலது பக்கம் மகள், அவளுக்கு அடுத்து மாப்பிள்ளை, அப்புறம் அவருடைய அப்பா அம்மா, உறவுக்காரர்கள். நாற்காலிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. என் மனைவி உட்காரவில்லை, எதிரில் நின்று பரிமாறுகிறவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

இடது கையால் வலது கையை எடுத்துத் தொட்டிலில் வைத்தேன். மகள் அப்போதுதான் அதைப் பார்த்தாள். அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை, ஆச்சரியப்பட வேண்டும் என்று வைத்திருந்தேன். பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, உருட்டி, மிதித்தேன்.

விரல் சொன்னபடி கேட்டது. கவளம் உதட்டில் வந்து நின்ற அதே நேரத்தில் என் முழங்கை, கோழி இறக்கையை விரிப்பது போல, வலது பக்கம் ஒன்றரைச் சாண் எழுந்து போய் மகளின் இடது தோளில் மோதி அவளை உலுக்கியது. அவளும் முதல் வாயை எடுத்துக்கொண்டிருந்தாள். பருப்புச்சோறு முகூர்த்தப் புடவையின் மடியில் விழுந்து நெய் பரவியது.

எனக்கு உடனே விளங்கவில்லை. தற்செயல் என்று நினைத்து, விழுங்கிவிட்டு மறுபடி மிதித்தேன். மறுபடியும் அதே இடத்தில் இடித்தது. ஏன் இடிக்காது, வரைந்தவன் அப்படித்தானே வரைந்திருக்கிறான். விரல் நுனிக்காகப் பதினேழு அட்டை வெட்டினேன். அதே தகட்டின் மறுமுனை எங்கே போகிறது என்று ஒரு பென்சில்கூடச் செருகிப் பார்க்கவில்லை. மெஸ்ஸில் நெருக்கியடித்துச் சாப்பிட்ட முப்பது பேரும் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் நின்று அவர்களுடைய விரல்களை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு இலையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நல்ல பையன். நான் எதைக் கண்டு இரண்டு வருடம் ஓடினேனோ அதையேதான் அவரும் செய்தார். காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டேன். "எனக்குப் போதும்மா, நான் வரும்போதே..." என்று வாய் தானாக ஆரம்பித்தது.

மகள் மடியிலிருந்த சோற்றை வழித்து இலை ஓரத்தில் வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டில் இதை மாட்டி எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். இருபது நாள் என்றேன்.

"இருவது நாளும் பக்கத்துல ஒருத்தர்கூட உக்காரலயாப்பா?"

"இல்ல" என்றேன்.

நான் எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. தனியாக இருக்கிறேன் என்று அவளிடம் நான் புகார் சொன்னதே இல்லை. என் முழங்கை காட்டிக் கொடுத்துவிட்டது. வீடியோக்காரர் இன்னும் விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார், மகள் அவரை அந்தப் பக்கம் போகச் சொன்னாள்.

"நீங்க எடுக்கறப்ப நான் சாஞ்சுக்கறேன். நீங்க எறக்குனதும் நான் சாப்பிடறேன். மெதுவா மிதிங்க" என்றாள்.

மிதித்தேன். என் கை எழும்பியபோது அவள் மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து முழங்கைக்கு வழிவிட்டாள். கை இறங்கியதும் நிமிர்ந்து ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு நான், பிறகு அவள். நான்கைந்து வாய்க்குள் என் காலைப் பார்க்காமலே அவளுக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. இரண்டு முறை நான் அவசரப்பட்டேன், இரண்டு முறையும் இடித்தேன், அவள் சிரித்துவிட்டாள். என் மனைவி எதிரிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். ரசம் கொண்டுவந்தவரைத் தடுத்து, அந்தக் கோடியில் அவசரப்படாமல் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மோர் ஊற்றுவதற்குள் அடுத்த பந்திக்காரர்கள் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிடுவார்கள். நம் முதுகில் அவர்கள் மூச்சு படும். அன்றும் வந்து நின்றார்கள். வரிசை முழுக்க எழுந்து போய்விட்டது. மாப்பிள்ளையும் கை கழுவப் போனார். இப்போது வலது பக்கம் இடம் இருந்தது, மகள் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, சாய்ந்தும் நிமிர்ந்தும், நான் மோர்ச்சோற்றை முடிக்கிறவரை தன் இலையில் ஒரு வாய் மிச்சம் வைத்துக்கொண்டு எனக்குச் சமமாகச் சாப்பிட்டாள். இருவரும் ஒன்றாக இலையை மடக்கினோம்.

நான்காம் நாள் அவர்கள் புனேவுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கும் அங்கேதான் வேலை. ஃபிட்டர் சட்டக்கூட்டைத் திரும்ப வீட்டில் மாட்டிக் கொடுத்தார். வால் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. நானாகவே சொன்னேன். மூடியில் ஓட்டை வெட்டினாற்போல மனுஷரை வெட்ட முடியாதே சார் என்றார். அன்று அவருக்கு முன்னால் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டேன். அவர் எனக்கு வலது பக்கம் உட்கார்ந்தார், இரண்டு இடி வாங்கிக்கொண்டார்.

மறுபடி அட்டை வெட்ட ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழைய உண்மை உண்டு. ஒரு புள்ளி போகிற ஒரே வளைவை மூன்று வெவ்வேறு சட்டக்கூடுகளால் வரையலாம். புள்ளிக்கு அதே பாதை, தகட்டின் மற்ற இடங்கள் மட்டும் வேறு வேறு வழியில் போகும். அதை நம்பி மற்ற இரண்டையும் செய்து பார்த்தேன். ஒன்றில் விரல் சரியாக வந்தது, ஆனால் புறங்கையைக் காட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்றுக்கு மேசை என் கட்டில் அளவு வேண்டியிருந்தது. கடைசியில் விரலின் பாதையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். இப்போது கை நேராக வாய்க்கு வருவதில்லை, மூன்று விரற்கடை தள்ளி நின்றுவிடும், நான் குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லோரும் அப்படிக் குனிந்துதான் சாப்பிடுகிறார்கள் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. அதற்குப் பதிலாக முழங்கை விலாவை ஒட்டிப் பின்னால் போகிறது. இந்த முறை முழங்கைத் துளையிலும் பென்சிலைச் செருகிப் பார்த்துவிட்டேன். வலது பக்கம் அது ஒரு விரற்கடைகூடப் போகவில்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். புடவைக் கறை போகவில்லை, போகவும் வேண்டாம் என்றாள். மிஷினைச் சரி செய்துவிட்டேன் என்று சொன்னேன். லீவு கிடைத்ததும் வருகிறேன்ப்பா என்றாள். அங்கே லீவு கிடைப்பது சுலபமில்லை, எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். மதியம் மேசையில் உட்கார்ந்து கையைத் தொட்டிலில் வைத்து மிதிக்கும்போது பழக்கதோஷத்தில் கண் வலது பக்கம் போய் வருகிறது. இப்போது அங்கே எவ்வளவு நெருக்கமாக வேண்டுமானாலும் ஒருவர் உட்காரலாம்.